வீட்டு முயலுக்கு எதைத் தரலாம், எதைத் தரக் கூடாது: புல், கீரை, பழம், தின்பண்டம் பற்றிய முழுமையான வழிகாட்டி

தமிழில் முயல் தீவனம் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி பண்ணையாளருக்காகச் சொல்லப்பட்டவை. மூன்று மாதத்தில் இரண்டு கிலோ எடை வர வேண்டும் என்பதே அங்கே இலக்கு என்பதால், மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, ஊறவைத்த கொண்டைக்கடலை, மரவள்ளித் திப்பி ஆகியவை அந்தப் பட்டியல்களில் முன்வரிசையில் நிற்கின்றன. வீட்டில் பிள்ளையைப்போல் வளரும் முயல், நல்ல கவனிப்பு கிடைத்தால் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. விரைவாக எடை ஏற்றும் உணவு, அத்தனை ஆண்டுகள் வாழவேண்டிய விலங்கின் பல்லையும் குடலையும் சிறுநீர்ப்பையையும் மெல்லமெல்லக் கெடுத்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் வீட்டு முயலை மட்டுமே மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது.

தொடங்கும் முன்: முயலின் வயிறு எப்படி இயங்குகிறது

முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரும். கடைவாய்ப் பற்களும் நிற்காமல் வளரும். புல்லைப் பக்கவாட்டில் நெடுநேரம் அரைத்து மெல்லும்போதுதான் அந்த வளர்ச்சி தேய்ந்து சமமாகிறது. கேரட் கடினமாக இருப்பதால் பல்லைத் தேய்க்கும் என்று பலர் நினைக்கிறார்கள். முயல் அதை ஓரிரு கடியில் நறுக்கி விழுங்கிவிடுவதால், கடைவாய்ப் பற்களுக்கு அதில் பெரிய வேலை ஒன்றும் இல்லை.

குடலின் கதை இதைவிட நுட்பமானது. முயல் தின்னும் நார்ப்பொருளில் பெரிய துகள்கள் குடலைத் தள்ளி நகர்த்திக்கொண்டு உருண்டை உருண்டையான காய்ந்த புழுக்கைகளாக வெளியேறுகின்றன. நுண்ணிய துகள்கள் சீக்கம் எனப்படும் பெரிய பைபோன்ற குடற்பகுதிக்குத் திரும்பிச் சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதிக்கவைக்கப்பட்டு, திராட்சைக் கொத்தைப்போல் ஒட்டிய மென்மையான புழுக்கைகளாக வெளிவருகின்றன. முயல் அவற்றைத் தன் ஆசனவாயிலிருந்தே நேரடியாக எடுத்து உண்டு, அதிலுள்ள புரதத்தையும் பி வகை வைட்டமின்களையும் மீண்டும் பெற்றுக்கொள்கிறது. இதைப் பார்த்து அருவருப்படைந்து தடுக்க வேண்டாம். மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தால் சீக்கத்திலுள்ள நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து, வாயுவும் கழிச்சலும் வரும்; நார்ச்சத்து குறைந்தால் குடலின் அசைவே நின்றுபோகும். முயலால் வாந்தியெடுக்கவும் முடியாது என்பதால், தவறான உணவு உள்ளே போய்விட்டால் அது முழுக் குடலையும் கடந்தே வெளியேற வேண்டும்.

முதல் படி: புல்லை ஒழுங்குபடுத்துங்கள்

கீரையைப் பற்றிக் கேட்க வந்தவருக்குப் புல்லைப் பற்றிச் சொல்வது சலிப்பாக இருக்கலாம். ஆனாலும் முயலின் சாப்பாட்டில் புல்தான் சோறு. கீரை பொரியல், பழம் பாயசம். மொத்த உணவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் பச்சைப் புல்லோ உலர்புல்லோ இருக்க வேண்டும். அது இரவும் பகலும் கூண்டில் தீராமல் கிடக்க வேண்டும். புல் ஒழுங்காக இல்லாத வீட்டில் எந்தக் கீரை நல்லது என்ற கேள்விக்கே பொருளில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் திமோத்தி உலர்புல் இணையத்தில் கிடைக்கிறது. நல்ல புல்தான், விலைதான் கையைக் கடிக்கும். மாற்றாக அருகம்புல், கினியாப்புல், கொழுக்கட்டைப்புல், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஆகியவை தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைப்பவை. மாட்டுத்தீவனம் விற்பவரிடமோ பால்பண்ணை வைத்திருப்பவரிடமோ கேட்டால் கட்டுக்கணக்கில் தருவார்கள். பச்சையாக வாங்கியதை மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஈரம் முழுவதும் போகும்வரை புரட்டிப்புரட்டி உலர்த்தி, காற்றோட்டமுள்ள சாக்கில் சேமித்தால் மழைக்காலத்தைச் சமாளிக்கலாம். பூஞ்சை வாடை வீசும் புல்லை, எவ்வளவு பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும், குப்பையில் போடுங்கள். குவித்து வைத்ததால் உள்ளே சூடேறிய பச்சைப் புல்லையும், புல்வெட்டும் இயந்திரம் நறுக்கித் தள்ளிய துணுக்குகளையும் தரக் கூடாது; அவை வெகு விரைவில் நொதித்துப்போகும்.

வைக்கோலைப் படுக்கையாக விரிக்கலாம், முயல் அதைக் கொறித்தாலும் தவறில்லை. ஆனால் சத்து குறைந்த அதனைப் புல்லுக்கு ஈடாகக் கொள்ள முடியாது. குதிரைமசால் இதற்கு நேர்மாறானது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்த பயறுவகைத் தீவனமான அது, ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கும் சினையுற்ற, பாலூட்டும் தாய்க்கும் ஏற்றது. வளர்ந்த முயலுக்கு எப்போதாவது ஒரு கைப்பிடி போதும். வேலிமசால், முயல் மசால் ஆகியவற்றையும் இதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குச்சித் தீவனம் என்றும் பெல்லட் என்றும் விற்கப்படுவதை வளர்ந்த முயலுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் தர வேண்டியதில்லை. சூரியகாந்தி விதையும் மக்காச்சோளமும் வண்ண வண்ண உருண்டைகளும் கலந்த தீவனத்தை வாங்காதீர்கள்; முயல் இனிப்பானதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கிவிடும்.

இரண்டாம் படி: கீரையைத் தேர்ந்தெடுங்கள்

கீரை வண்டியில் கிடைப்பதையெல்லாம் முயலுக்குப் போடலாம் என்ற எண்ணத்தில்தான் நம் ஊரில் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. இரண்டு பொருள்களை இங்கே கவனிக்க வேண்டும். ஒன்று சுண்ணாம்புச் சத்து, மற்றொன்று ஆக்சலேட் என்னும், மிகுந்தால் சிறுநீரகத்துக்குக் கேடான இலைப்பொருள்.

மனிதருக்கும் நாய்க்கும் உடலுக்குத் தேவையான அளவு சுண்ணாம்பு மட்டுமே குடலில் உறிஞ்சப்படும். முயலின் குடலோ உணவில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப உறிஞ்சிக்கொண்டு, மிகுதியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. மற்ற பாலூட்டிகளில் சிறுநீரில் வெளியேறும் சுண்ணாம்பின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே இருக்க, முயலில் அது 45 முதல் 60 சதவீதம் வரை போகிறது. முயலின் சிறுநீர் சற்றே கலங்கலாக இருப்பது இதனால்தான், அது இயல்பு. அது காய்ந்த இடத்தில் சுண்ணாம்புப் பொடிபோல் தடிப்பாகப் படிந்தால், அல்லது பற்பசைபோல் கெட்டியாக வந்தால், உணவில் சுண்ணாம்பு மிகுந்துவிட்டது அல்லது முயல் போதிய தண்ணீர் குடிக்கவில்லை என்று பொருள். நாள்பட்டால் சிறுநீர்ப்பையில் கல் உருவாகும்.

அகத்திக்கீரை 100 கிராமில் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் சுண்ணாம்பு இருக்கிறது. கறிவேப்பிலையும் அதற்கு அதிகம் பின்தங்கியதல்ல. முருங்கைக்கீரையில் 300 முதல் 450 மில்லிகிராம் வரை சொல்லப்படுகிறது. கோயில் வாசலில் பசுவுக்கென்று விற்கும் அகத்திக்கட்டை அப்படியே வாங்கிவந்து முயலுக்கு நாள்தோறும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பசுவின் உடல் வேறு, முயலின் உடல் வேறு. இவை நஞ்சல்ல. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, இரண்டு மூன்று காம்பு என்ற அளவில் தரலாம்.

ஆக்சலேட்டைப் பொறுத்தவரை தமிழ்நாட்டு வீடுகளுக்கே உரிய ஒரு பொறி உண்டு. இன்று சிறுகீரை, நாளை அரைக்கீரை, மறுநாள் முளைக்கீரை, அதற்கு மறுநாள் தண்டுக்கீரை என்று மாற்றி மாற்றித் தருவதால் உணவில் பன்மை வந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்த நான்குமே ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, நான்கிலும் ஆக்சலேட் மிகுதி. பாலக்கீரையும் பருப்புக்கீரையும் இந்த வரிசையில்தான் சேரும். ஆகவே ஒரு நாளைக்குத் தரும் மூன்று வகைத் தழைகளில் இந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றுக்கு மேல் வேண்டாம். அந்த ஒன்றும் அடுத்தடுத்த நாள்களில் தொடர வேண்டாம்.

அப்படியானால் எதை அன்றாடம் நம்பலாம்? கொத்தமல்லி, புதினா, முள்ளங்கிக்கீரை, காலிஃபிளவரைச் சுற்றியுள்ள பச்சை இலை, கேரட் தழை, நீள இலை லெட்டூஸ், திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றை அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம். முள்ளங்கித் தழையையும் காலிஃபிளவர் இலையையும் காய்கறிக் கடைக்காரர் பெரும்பாலும் ஒடித்துக் கீழே போட்டுவிடுவார்; கேட்டால் சும்மாவே தருவார், ஆனால் மிதிபடாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். வெந்தயக்கீரையை இடையிடையே சேர்க்கலாம். முட்டைகோஸ் சில முயல்களுக்கு வாயுவை உண்டாக்குவதால் ஓர் இலையின் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உருண்டையாக வெளிறிய நிறத்தில் வரும் லெட்டூஸில் தண்ணீரைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

தோட்டம் உள்ளவர்களுக்கு இன்னும் வசதி. மல்பெரி இலை முயலுக்கு மிகவும் பிடித்தது, நல்லதும்கூட. கொய்யா இலையையும் இளங்குச்சியையும் அப்படியே போட்டால் பட்டையை உரித்துக் கொறிக்கும். வாழையிலைத் துண்டு, செம்பருத்தியின் பூவும் தளிரும், மக்காச்சோளக் கதிரை மூடியிருக்கும் பச்சைத் தோகை ஆகியவையும் பாதுகாப்பானவை. கடற்கரையில் சுட்ட மக்காச்சோளம் விற்பவர் உரித்துப்போடும் தோகையை வீணாக்காமல் கேட்டு வாங்கலாம்; மணி மட்டும் முயலுக்கு வேண்டாம். பூக்கடை ரோஜாவில் மருந்து தெளித்திருப்பார்கள் என்பதால் வீட்டில் பூத்ததைத் தவிர வேறு எதையும் தராதீர்கள்.

அளவு என்று கேட்டால், கிலோ எடைக்கு நாளொன்றுக்கு, அழுத்தாமல் நிரப்பிய ஒரு பெரிய தம்ளர் தழை போதும். இரண்டு கிலோ முயலுக்கு இரண்டு தம்ளர். அதைக் காலையும் மாலையும் பிரித்துத் தரலாம்.

மூன்றாம் படி: கழுவித் துடைத்துத் தாருங்கள்

கடையில் வாங்கிய கீரையை முதலில் உதறி, மஞ்சளாகிய, அழுகிய இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு பெரிய பாத்திரத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பின் ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். பூச்சிமருந்து முழுவதும் இதனால் போய்விடாது என்றாலும், மேற்பரப்பில் உள்ளது பெருமளவு குறையும். அலசிய கீரையைத் துணியில் பரப்பி, நிழலில் நீர் வடியும்வரை வைத்திருந்து தாருங்கள். பச்சைத் தழையைச் சற்று வாடவைத்துப் போடுவது பண்ணையாளர்களின் பழைய வழக்கம். பண்ணை அறிவுரைகளில் வீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கவற்றுள் அதுவும் ஒன்று. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததை அறையின் வெப்பத்துக்கு வந்தபின் தர வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் தழை ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வதங்கிப் புளித்துவிடும். ஆகையால் அந்த மாதங்களில் வெயில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் மட்டும் கீரை வைத்து, மிச்சத்தை உடனே அகற்றிவிடுங்கள். கீரையில் நீர் இருக்கிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தைக் குறைத்துவிடக் கூடாது. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லிலிட்டர் வரை முயல் குடிக்கும். கவிழாத கனமான கிண்ணத்தில் வைத்தால் குழாய்ப் புட்டியைவிட நன்றாகவே குடிக்கும்.

நான்காம் படி: புதிய உணவை ஒவ்வொன்றாகப் பழக்குங்கள்

விற்பனைக் கடைகளில் தாயைப் பிரித்துக் கொண்டுவரப்படும் குட்டிகள் பல நேரம் எட்டு வாரம்கூட நிரம்பாதவை. புதிதாக வந்த குட்டிக்கு அன்றே கேரட்டும் கோஸும் கொடுத்து, மறுநாள் கழிச்சலில் அதை இழந்தவர்கள் அநேகர். வாங்கிவந்த குட்டி அதுவரை எதைத் தின்றதோ அதையே முதல் வாரம் முழுவதும் கொடுங்கள். கூடவே உலர்புல்லும் தண்ணீரும் போதும். 12 வாரம் ஆனபின் கீரையைத் தொடங்கலாம். தாயோடு சேர்ந்தே பச்சைத் தழை தின்று வளர்ந்த குட்டி இதற்கு விலக்கு.

தொடங்கும்போது ஒரே வகையில் ஒரு சிறு காம்பு, கொத்தமல்லி என்றால் இரண்டு மூன்று இலைகள். அதன்பின் ஒரு முழுநாளும் புழுக்கையைக் கவனியுங்கள். உருண்டையாக, உலர்ந்து, ஒரே அளவில் இருந்தால் மறுநாள் சற்றுக் கூட்டலாம். நான்கைந்து நாளில் அந்தக் கீரை பழகிவிடும், பின் அடுத்ததற்குப் போகலாம். இரண்டு புதிய கீரைகளை ஒரே நாளில் தந்துவிட்டால், கழிச்சல் வந்தபோது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. குச்சித் தீவனத்தை மாற்றும்போதும் பழையதோடு புதியதைக் கலந்து, ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாக மாற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: காயும் பழமும் தின்பண்டம்தான்

கேரட் முயலின் அன்றாட உணவு என்பது கேலிச்சித்திரங்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. சர்க்கரை மிகுந்த அந்தக் கிழங்கு, கட்டைவிரல் நகமளவுள்ள ஒரு வில்லையாக, வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்ற அளவில்தான் பொருந்தும். பீட்ரூட்டும் அவ்வாறே, அதைத் தின்ற முயலின் சிறுநீர் சிவப்பாக வந்து வீட்டாரைக் கலங்கவைக்கும். நிறம் மாறியிருந்தும் முயல் வழக்கம்போல் தின்று ஓடினால் அது உணவின் நிறமாகவே இருக்கலாம். முக்கி முக்கிச் சிறுநீர் கழித்தாலோ, நிறம் அடுத்த நாளும் நீடித்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெள்ளரி, விதை நீக்கிய குடைமிளகாய் ஆகியவை சர்க்கரை குறைந்தவை என்பதால் இன்னும் தாராளமாகத் தரலாம்.

பழத்துக்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கு, கிலோ எடைக்கு ஒரு தேக்கரண்டி, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை. விதை எடுத்த ஆப்பிள், கொய்யா, பப்பாளி, மாம்பழம், தர்பூசணி ஆகிய எதுவாயினும் இந்த அளவுக்குள் அடங்க வேண்டும். வாழைப்பழத்தின் மீது முயலுக்குத் தனி வெறியே உண்டு. அதனாலேயே மிகவும் மெல்லிய ஒரு வில்லைக்கு மேல் தரக் கூடாது. காய்ந்த திராட்சையிலும் பேரீச்சையிலும் சர்க்கரை செறிந்திருப்பதால் அவற்றைத் தவிர்ப்பதே மேல்.

இந்தச் சிறு இனிப்புக்கு ஒரு நல்ல பயன் உண்டு. தரும் நாள்களில் ஒரே நேரத்தில், கையிலிருந்து ஒரு துணுக்கைத் தந்து பழக்கினால், முயல் கூப்பிட்ட குரலுக்கு வரும், எடுத்துச்செல்லும் கூடைக்குள் தானாக ஏறும், நகம் வெட்ட மடியில் உட்காரும். அதைவிட முக்கியமாக, நோயை மறைத்துக்கொள்வது முயலின் இயல்பு. பாய்ந்து வந்து வாங்கிக்கொள்ளும் முயல் ஒருநாள் முகர்ந்துபார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டால், வேறெந்த அறிகுறியும் தெரியாத அந்த வேளையிலேயே ஏதோ கோளாறு என்று அறிந்துகொள்ளலாம். பழத்தைப் பகல் முழுவதும் கிண்ணத்தில் போட்டுவைத்தால் இந்தப் பயன் கிடைக்காது. இனிப்புக்குப் பதில் கொத்தமல்லிக் காம்பையே கையால் தந்தாலும் முயல் அதே மகிழ்ச்சியோடு வாங்கும். எடை கூடிய முயலுக்கு அதுவே நல்லது.

ஆறாம் படி: தரவே கூடாதவற்றை வீட்டார் அனைவருக்கும் சொல்லிவையுங்கள்

பெரும்பாலும் தவறு செய்பவர் முயலை வளர்ப்பவர் அல்லர். ஆசையோடு பிஸ்கட் நீட்டும் தாத்தாவும் விருந்துக்கு வந்த குழந்தையும்தான். கூண்டின் அருகே ஒரு தாளில் எழுதி ஒட்டுவது வீண்வேலையல்ல.

சோறு, இட்லி, ரொட்டி, பிஸ்கட், பொட்டுக்கடலை, நிலக்கடலை, முறுக்கு ஆகியவை மாவும் கொழுப்பும் மிகுந்தவை. செல்லப்பிராணிக் கடையில் முயல் படத்தோடு விற்கும் தயிர் உருண்டையும் தேன் ஒட்டிய விதைக் குச்சியும் இவற்றைவிட மேலானவை அல்ல. வளர்ந்த முயலுக்குப் பால்பொருள் எதுவும் ஆகாது. உருளைக்கிழங்கு மாவுச்சத்தால் வேண்டாம். அதன் முளையும் தழையும், தக்காளி, கத்திரிச் செடிகளின் இலையும் நஞ்சு. அதே குடும்பத்தைச் சேர்ந்த மணத்தக்காளிக்கீரையையும் நமக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். வெண்ணெய்ப்பழத்திலுள்ள பெர்சின் என்னும் பொருள் இதயத்தைப் பாதிக்கும். சாக்லேட் சிறிதளவும் கூடாது. இளஞ்சோளப் பயிரிலும் மரவள்ளி இலையிலும் சயனைடு வெளிப்படும் என்பது ஆடு மாடு வளர்ப்போர் அறிந்ததே, முயலுக்கும் அது பொருந்தும். சூபாபுல் தழையில் உள்ள மிமோசின் முடி உதிர்வை உண்டாக்கும்.

வேலியோரமும் தொட்டியிலும் வளரும் அரளி, எருக்கு, ஆமணக்கு, செங்காந்தள், உண்ணிச்செடி, பார்த்தீனியம், மணிப்பிளாண்ட், டைபன்பேக்கியா ஆகியவற்றுக்கு எட்டாத தொலைவில் முயலை உலவவிட வேண்டும். ஊமத்தையைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி உண்டு: அதிலுள்ள அட்ரோபினைச் சிதைக்கும் நொதி சில முயல்களின் உடலில் இருப்பதால் அவை அந்த இலையைத் தின்றும் பிழைத்துவிடும். அந்த நொதி எல்லா முயலுக்கும் இருப்பதில்லை. உங்கள் முயலுக்கு இருக்கிறதா என்று தின்னக்கொடுத்துப் பார்ப்பது அறிவுடைமையாகாது.

ஏழாம் படி: தட்டையும் புழுக்கையையும் பார்த்துத் திருத்துங்கள்

கூண்டைச் சுத்தம் செய்யும் நேரமே உணவுக் கணக்கைச் சரிபார்க்கும் நேரம். புழுக்கை பெரிதாக, உலர்ந்து, உடைத்தால் நார் தெரியும்படி இருந்தால் உணவு சரியாக இருக்கிறது. அது சிறுத்து, கருத்து, ஒழுங்கற்றுப் போனால் புல் குறைந்துவிட்டது. மென்புழுக்கை உண்ணப்படாமல் தரையிலோ பின்புற முடியிலோ ஒட்டிக் கிடந்தால், பழமும் குச்சித் தீவனமும் மிகுந்துவிட்டன, அல்லது முயல் பருமனால் தன் உடலை வளைத்து எட்ட முடியாமல் இருக்கிறது. அப்போது இரண்டு வாரத்துக்குப் பழத்தை முழுவதும் நிறுத்தி, குச்சித் தீவனத்தைப் பாதியாக்கி, புல்லைப் பெருக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மழைக்காலத்தில் இதை நாள்தோறும் பார்க்க வேண்டும்; அழுக்கு ஒட்டிய தோலில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைப்பதும் நல்ல பழக்கம்.

அரை நாளாக எதையும் தின்னாத, புழுக்கை போடாத, கூனி உட்கார்ந்து பல்லைக் கடிக்கும் முயலுக்குக் கைவைத்தியம் பார்க்காமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். நாய் பூனை மட்டும் பார்ப்பவரைவிட முயலைப் பார்த்துப் பழகியவரை முன்கூட்டியே விசாரித்துவைத்துக்கொள்வது நல்லது. அமாக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து உயிரிழக்கும் நிலை வரலாம் என்பதால், வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைத் தாமாகக் கொடுத்துவிடக் கூடாது. புறப்படும்போது கடைசியாகப் போட்ட புழுக்கையில் சிலவற்றை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, கடந்த இரண்டு நாளில் என்னென்ன கீரை, எவ்வளவு பழம், எந்தத் தீவனம் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதி எடுத்துச்செல்லுங்கள்.